வாய் மூடாத சக்கரம்

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அப்பாவும் நலம்தானே? நான் நலம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "இருக்கு, அது எங்கே போகும்" என்கிறாய். அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் அதற்கு மேல் நாமும் பேச முடிவதில்லை. அவரைப் பற்றி அவர் எதிரிலேயே என்ன பேசுவது? அதனால் நீ சொன்னபடி கடிதம்.

புது வேலை கிடைத்துவிட்டது. இனி ஜவுளிக்கடை பொம்மைகளுக்கு மூக்கு ஒட்டிக் காலம் தள்ள வேண்டாம். இங்கே ஒருவர் பழைய நூல் கிடங்கு ஒன்றை வாங்கிக் காட்சிக்கூடம் நடத்துகிறார். சினிமா வருவதற்கு அறுபது வருஷம் முன்பே படத்தை அசைய வைத்த கருவிகள் எல்லாம் அவரிடம் இருக்கின்றன. முதலில் வந்தது ஒரு வட்டத் தட்டு. ஒரே ஆளைப் பத்துப் பன்னிரண்டு நிலைகளில் சுற்றிலும் வரைந்திருப்பார்கள், இடையிடையே மெல்லிய கீறல் துளைகள். கண்ணாடி முன்னால் நின்று தட்டைச் சுற்றிவிட்டுத் துளை வழியாகப் பார்த்தால் அந்த ஆள் குதிப்பான். அப்புறம் துளை போட்ட உருளை வந்தது. உள்ளே படப் பட்டையை வைத்துச் சுழற்றினால் நாலு பேர் சுற்றி நின்று பார்க்கலாம்.

இதெல்லாம் இப்போது திரும்பி வந்துவிட்டது அக்கா. கையில் இருக்கிற போனில் உலகமே ஓடுகிறது, ஆனாலும் இந்தத் துளைக்குள் எட்டிப் பார்க்க வரிசையில் நிற்கிறார்கள். பழையதைப் பழுது பார்ப்பதோடு புதிதாகவும் செய்கிறோம். படத்துக்குப் பதில் சின்னச் சிலைகள், துளைக்குப் பதில் இருட்டில் வெட்டி வெட்டி மின்னும் விளக்கு. மேசை சுற்றினால் சிலைகளுக்கு உயிர் வந்துவிடும்.

உன் தொழிலுக்குத் தோதாக ஒரு தட்டு இருக்கிறது. பல் பிடுங்குகிறவன் நோயாளியின் நெஞ்சில் முழங்காலை ஊன்றி இழுக்கிறான். இழுத்துக்கொண்டே இருக்கிறான். பார்க்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

நானே தனியாக ஒரு சக்கரம் செய்ய முதலாளி இடம் கொடுத்திருக்கிறார். "பார்த்தவன் வீட்டுக்குப் போய்ச் சோத்துல கை வைக்கும்போது அது ஞாபகம் வரணும்" என்றார். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த மாதம் இரண்டு நாள் வருகிறேன். இங்கே ஒரு டாக்டர் பழக்கமாகியிருக்கிறார். அப்பா எப்படி மெல்கிறார், எப்படி விழுங்குகிறார் என்று படம் எடுத்துப் போனால் பார்த்துச் சொல்வார். அப்பாவின் பல்செட்டுக்கு நீ வார்த்த அச்சு இருக்கிறதல்லவா, அதையும் எடுத்து வை.

அப்பாவுக்கு என் வணக்கம்.

உன் வாலு

ஜனவரி 24

அன்புள்ள வாலுக்கு,

கடிதம் வந்தது. முதுகு இருக்கிறது, அப்பா இருக்கிறார், நான் இருக்கிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போன தடவை பார்த்தபோது கழுத்தெலும்பில் துணி காயப்போடலாம் போல இருந்தது.

அந்தப் பல் பிடுங்குகிறவனைப் பற்றிப் படித்ததும் எனக்கு ஓங்கரித்தது. நான் மூக்கைச் சுளிக்கிற ஜாதி இல்லை என்று உனக்குத் தெரியும். ஊராரின் வாய் அச்சுகள் காலையில் டப்பா டப்பாவாக என் மேசைக்கு வரும். அச்சுப் பசையில் முந்தின நாள் சாப்பாடு ஒட்டிக்கொண்டிருக்கும், எச்சில் நூல் நூலாக வரும். கழுவி, பிளாஸ்டர் ஊற்றி, பல் அடுக்கி அனுப்புகிறேன். அதில் எனக்கு அருவருப்பு இல்லை. ஆனால் பிடுங்கினால் பல் வெளியே வர வேண்டும், வலி தீர வேண்டும். தீராத வலியைத் துளை வழியாகப் பார்த்துச் சிரிக்க ஒரு கூட்டமா? சீ!

அப்பாவைப் பற்றிக் கேட்கிறாய். பக்கவாதம் வந்த நாளிலிருந்து வலது பக்கத்து உதடு தொங்கியது தொங்கியதுதான். வலது கையும் எழும்பவில்லை. கஞ்சியில் பாதி வயிற்றுக்கு, பாதி கழுத்தில் கட்டிய துண்டுக்கு. ஜன்னலைச் சாத்தினால்தான் வாயைத் திறக்கிறார். அலமாரிக் கண்ணாடி மேல் காலண்டரை மாட்டச் சொல்லிவிட்டார். பஸ் ஓட்டின காலத்தில் இறங்கும்போதெல்லாம் பக்கக் கண்ணாடியில் மீசையைப் பார்த்துக்கொள்கிற மனுஷன்.

டாக்டர் பார்க்கிறார் என்று சொன்னேன். "எந்த டாக்டர்? பெரிய டாக்டரா?" என்று நாலு தடவை கேட்டுவிட்டார். கட்டாயம் வா. அச்சை எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 22

அன்புள்ள வாலுக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? சேர்ந்ததும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இங்கே இருவரும் நலம்.

நீ மறந்து விட்டுப் போன அச்சைத் துண்டில் சுற்றிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பத்திரம், பிளாஸ்டர் விழுந்தால் பொடிதான்.

நீ வந்த அன்று அப்பா ஜன்னலைச் சாத்தச் சொல்லவில்லை, கவனித்தாயா? "வெளிச்சம் வேணும்பா" என்று நீ சொன்ன ஒரு வார்த்தைக்காக. காலையிலேயே என்னை எழுப்பிச் சவரம் செய்யச் சொன்னார். நீ சுவரில் வெள்ளைப் போர்வையைக் கட்டி, நாற்காலிக் கால்களுக்கு அடியில் சாக்பீஸால் கோடு போட்டு, "அசையாம உட்காருங்கப்பா" என்றபோது பள்ளிக்கூடப் பையன் போல உட்கார்ந்திருந்தார். நீ "இன்னொரு வாய், இன்னொரு வாய்" என்று சொல்லச் சொல்ல வயிறு நிறைந்த பிறகும் வாங்கிக்கொண்டே இருந்தார். அன்று இரவு முழுக்க வயிற்று உப்புசம், தூக்கமே இல்லை. ஆனாலும் "டாக்டருக்கு நல்லாத் தெரியணுமில்ல" என்கிறார்.

டாக்டர் என்ன சொன்னார் என்று உடனே எழுது. தினம் தபால்காரர் மணி அடித்தால் கழுத்தை நீட்டுகிறார்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். பார்சல் கிடைத்தது, அச்சு உடையவில்லை. உன் வேலையே வேலை! இங்கே எல்லாரும் கையில் வாங்கிப் பார்த்து அசந்து போனார்கள்.

வேலைக்கு முடிவே இல்லை. என் சக்கரம் உருவாகிக்கொண்டிருக்கிறது. ஒரே தலையை, ஆள் தலை அளவிலேயே, சிறிது சிறிதாக மாற்றிப் பதினெட்டு முறை செய்ய வேண்டும். ஒன்று முடித்து அடுத்ததைத் தொடங்கும்போது எது முந்தையது என்று எனக்கே குழப்பம். கனவிலும் களிமண்தான்.

மதியத்தில் முதலாளி பழைய கதைகள் சொல்வார். முதன்முதலில் அந்தச் சுழல் தட்டைச் செய்தவர் வெளிச்சம் கண்ணில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று அறிய வெறுங்கண்ணால் சூரியனையே பார்த்தாராம். பின்னால் பார்வையே போய்விட்டது. அதனால்தான் போனது என்கிறார்கள், இல்லை என்கிறவர்களும் உண்டு. இன்னொருவர் உருளைக்கு நடுவே கண்ணாடிகளை நிறுத்தி, துளையே இல்லாமல் படத்தை அசைய வைத்தார். வருஷக் கணக்கில் கையால் வரைந்து ஊருக்கெல்லாம் காட்டினார். சினிமா வந்தது, இவரைச் சீந்த ஆள் இல்லை. கருவியைத் தானே அடித்து நொறுக்கிவிட்டுப் படச் சுருள்களை ஆற்றில் எறிந்தாராம்.

வேறு விசேஷம் இல்லை. உன் முதுகைப் பார்த்துக்கொள்.

உன் வாலு

ஏப்ரல் 3

அன்புள்ள வாலுக்கு,

இருவரும் நலம் என்று வழக்கம்போல் எழுத வேண்டும். அப்பா இளைத்துவிட்டார். போன வாரம் இரண்டு தடவை புரையேறி முகம் நீலம் பாரித்துவிட்டது, நான் முதுகில் அடித்த அடியில் என் கை வீங்கிவிட்டது.

கண்ணாடி வைத்தவர் கதை, சூரியனைப் பார்த்தவர் கதை எல்லாம் எழுதினாய். டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதவில்லை. மறந்துவிட்டாய் போலும். படங்களைக் காட்டினாயா? ஏதாவது பயிற்சி உண்டா, மருந்து உண்டா? கூட்டி வரச் சொன்னால் கூட்டி வருகிறேன், லீவு சொல்லிக்கொள்ளலாம்.

இரண்டு வரி போதும்.

அன்புடன்,
அக்கா

ஏப்ரல் 20

வாலு,

நலமா என்று பிறகு கேட்கிறேன்.

நேற்று எதிர்வீட்டுத் தையற்காரர் போனை நீட்டிக்கொண்டு வந்தார். "பல்லக்கா, உங்கப்பா சினிமாவுல எதுவும் நடிச்சிருக்காரா?" என்றார். கிண்டல் இல்லை, பாவம், நிஜமாகவே கேட்டார். யாரோ எடுத்து யார் யாருக்கோ அனுப்பி அவருக்கு வந்த வீடியோ.

இருட்டு. விளக்கு வெட்டி வெட்டி மின்னுகிறது. வட்ட மேசையைச் சுற்றிலும் தலைகள், அத்தனையும் அப்பா. வாய் திறக்கிறது. உதடு தொங்குகிறது. கஞ்சி வழிகிறது, தாடை வரை வந்து தொங்குகிறது, பிறகு புழு ஊர்வது போல வந்த வழியே மேலேறி வாய்க்குள் போகிறது. மறுபடியும் வாய் திறக்கிறது. கூட்டம் சிரிக்கிறது. ஒரு பெண் குரல், "அய்யோ, கர்மம்! இன்னொரு தடவை பார்க்கலாம்டி" என்கிறது. பக்கத்தில் பலகை: "பசி".

முகம் ஒத்துப்போகிறது என்று மனசைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். பல் விடவில்லை. அப்பாவின் கீழ்ப்பல் ஒன்று கொஞ்சம் திரும்பியிருக்கும். "என் பல்லு மாதிரியே இருக்கணும்" என்று அவர் பிடிவாதம் பிடித்ததால் பல்செட்டிலும் நானே அதைத் திருப்பி வைத்தேன். ஒவ்வொரு தலையிலும் அது திரும்பியிருக்கிறது.

இன்னொன்றையும் பார்த்தேன். நீ படம் எடுத்த இரண்டு நாளும் ஸ்பூன் பிடித்தது என் கை. மேசையில் ஒரு தலைக்கு முன்னாலும் என் கை இல்லை. ஊட்டுகிறவளை வெட்டி எறிந்துவிட்டு ஒழுகுகிற வாயை மட்டும் வைத்துக்கொண்டாய். அது என்னடா பசி? பார்க்கிறவர்களுக்கு அவர் மனுஷனாகத் தெரியக்கூடாது என்று திட்டம் போட்டுச் செய்தது போல இருக்கிறது.

குமட்டுகிறது. உன் சக்கரத்தைப் பார்த்து இல்லை. "இன்னொரு வாய்" என்று சொன்ன உன் குரலை நினைத்தால்.

டாக்டர் யார்? பெயர் வேண்டாம், அப்படி ஒரு ஆள் உண்டா, அதை மட்டும் எழுது.

அக்கா

மே 28

அக்கா,

நலமா? அப்பாவுக்குப் புரையேறுவது குறைந்ததா? உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. எழுதி எழுதிக் கிழித்தேன்.

டாக்டர் யாரும் இல்லை.

ஆனால் கேலி செய்ய வேண்டும் என்று நான் செய்யவில்லை, நம்பு. இந்தக் கருவிகளின் வேலையே அதுதான். பார்க்கக் கூடாது என்று தலையைத் திருப்புகிறோமே, அதையே பார்க்க வைப்பது. கண் கூசும், ஆனால் கண்ணை எடுக்க முடியாது. பத்திரிகையில் எழுதியிருக்கிறார்கள், "முதுமையின் நிர்வாணம்" என்று. வெளியூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள். என் வாழ்க்கையில் முதல் தடவையாக என் கை வேலையை நாலு பேர் பேசுகிறார்கள். ஜவுளிக்கடை பொம்மைக்கு மூக்கு ஒட்டியவனைப் பற்றி யார் பேசினார்கள்?

உன் கையைப் பற்றி எழுதியிருந்தாய். கை இருந்தால் கண் அங்கே போய்விடும், முகத்தில் நிற்காது. அவ்வளவுதான் காரணம். வேறு எதுவும் நினைக்கவில்லை.

எடுக்கச் சொல்லாதே. சக்கரம் இப்போது முதலாளியுடையது, எழுதிக் கொடுத்துவிட்டேன். அவ்வளவு தூரத்தில் இருக்கிற வீட்டுக்கு இது எட்டாது என்று நினைத்தேன். தயவுசெய்து அப்பாவிடம் சொல்லாதே.

வாலு

ஜூன் 17

வாலு,

ஊர் வந்து சேர்ந்தோம். அப்பாவுக்குக் கால் வீக்கம், மற்றபடி நலம்.

அப்பாவிடம் நான் சொல்லவில்லை என்று ஸ்டேஷனிலேயே உன்னிடம் சொன்னேன், நீ நம்பியது போலத் தெரியவில்லை. தையற்காரர் சட்டை கொடுக்க வந்தவர் வாசலில் நின்றபடியே, "ஐயா, உங்களைப் பார்க்க அங்க கூட்டம் அலைமோதுதாமே" என்று போனை அவர் கையில் கொடுத்துவிட்டார். அப்பா இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. சாப்பிடவும்தான். மூன்றாம் நாள் காலை, "கூட்டிட்டுப் போ" என்றார்.

நீ வந்து பையைத் தூக்கினாய், கூடத்து வாசலில் டிக்கெட் வாங்கித் தந்தாய், "ஒரு போன் வருது, பேசிட்டு வரேன்" என்று போனாய். திரும்பி வரவில்லை. தூணுக்குப் பின்னால் உன் செருப்பு தெரிந்தது. எவ்வளவு பார்த்தாய் என்று எனக்குத் தெரியாது. நீ பாதியில் கண்ணை மூடியிருக்கலாம். அதனால் முழுவதையும் எழுதுகிறேன்.

கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். சக்கரம் சுற்றியது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கம்பியைப் பிடித்த கையைப் பார்த்தேன். விளக்கு மின்னும்போதெல்லாம் அது கல் மாதிரி அப்படியே இருந்தது. பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்த ஒரு பெண் எதேச்சையாகத் திரும்பினாள். மேசையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், மறுபடி மேசையைப் பார்த்தாள். அவள் சிரிப்பு முகத்திலேயே செத்துக் கிடந்தது. கூட வந்தவள் கையைக் கிள்ளி இழுத்துக்கொண்டு போனாள்.

அப்பா, "பசிக்குது" என்றார். பலகையைப் படித்துக் குத்தலாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை, சாப்பாட்டு நேரம், நிஜமாகவே பசி.

"வெளியே மரத்தடியில உட்காரலாம்பா."

"இங்கேயே குடு."

"அப்பா, எல்லாரும்..."

"பார்க்கத்தானே வந்திருக்காங்க. குடு."

சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தார். துண்டைக் கட்டினேன், டப்பாவைத் திறந்தேன். ஜன்னலைச் சாத்தச் சொல்லும் மனுஷன் அத்தனை பேர் நடுவில் வாயைத் திறந்தார். கஞ்சி வழிந்தது, நான் துடைத்தேன். இருமினார், என் கையெல்லாம் தெறித்தது. பல்செட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தார், துடைத்துத் திருப்பி மாட்டினேன். கூட்டம் ஒருவர் பின் ஒருவராகக் கலைந்தது. ஒரு ஆள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சே, எங்க வந்து என்ன பண்றாங்க பாரு" என்றான். மேசையில் ஒழுகினால் டிக்கெட் எடுத்துப் பார்ப்பானாம், பெஞ்சில் ஒழுகினால் அவனுக்கு நாற்றம் அடிக்கிறதாம். தூ!

காவலாளி வந்தார். "சார், உள்ள சாப்பிடக் கூடாது. கம்ப்ளெயின்ட் வருது."

அப்பா இடது கையை நீட்டி மேசையைக் காட்டினார். அவர் சொன்னது காவலாளிக்குப் புரியவில்லை. "என்னம்மா சொல்றாரு?" என்று என்னைக் கேட்டார். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். பல்லை நான் கட்டிக் கொடுத்துவிட்டேன், சொல்லை எப்படிக் கட்டுவது? அதனால் நானே சத்தமாகச் சொன்னேன்:

"அவன் காலையிலேருந்து சாப்பிடுறானே, அவனை முதல்ல நிறுத்துங்க, அப்புறம் நான் நிறுத்துறேன்னு சொல்றாரு."

காவலாளி மேசையைத் திரும்பிப் பார்த்தார். "அதுக்கு எனக்கு அதிகாரம் இல்லீங்க" என்றார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூட்டத்துக்கு எங்களை மறைத்தாற்போல அங்கேயே நின்றார். டப்பா காலியாகும் வரை நகரவில்லை. அந்தக் கட்டடத்தில் எனக்கு மனுஷனாகத் தெரிந்தது அவர் ஒருவர்தான்.

ரயிலில் அப்பா கேட்டார், "எனக்கே குமட்டுது. நீ எப்படித் தினம் பார்க்கிறே?"

எனக்கும் குமட்டத்தான் செய்கிறது, வாலு. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊட்டிய நாள் எத்தனையோ. இன்றும் சில நாள் அப்படித்தான். அருவருப்பு என்னவோ உனக்கு மட்டும் கிடைத்த வரம் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ அதைச் சக்கரத்தில் ஏற்றினாய், நான் துண்டில் துடைக்கிறேன்.

அக்கா

ஜூன் 26

அக்கா,

நீங்கள் நலம் என்று நம்புகிறேன். அப்பாவின் கால் வீக்கம் வடிந்ததா?

அன்று நான் தூணுக்குப் பின்னால்தான் இருந்தேன். முழுவதும் பார்க்கவில்லை.

ஒரு விஷயம் சொல்லச் சொன்னார்கள், சொல்லிவிடுகிறேன். அன்று நடந்ததை முதலாளி மாடி அறையிலிருந்து பார்த்திருக்கிறார். அப்பா வாரத்தில் ஒரு நாள் வந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் நன்றாக இருக்கும் என்கிறார். நீயும் கூட வர வேண்டும். மேடை, நாற்காலி, நல்ல விளக்கு எல்லாம் அவரே போட்டுத் தருவார். ரயில் செலவும் சம்பளமும் உண்டு. "சிலையும் நிஜமும் பக்கத்துல பக்கத்துல. உலகத்துல எவனும் பண்ணாதது" என்கிறார்.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டேன்.

வாலு

ஜூலை 1

வாலு,

நலம் விசாரித்ததாக வைத்துக்கொள்.

கேட்டுச் சொல்வதாகச் சொன்னாயாம். அந்த ஆள் அப்படிக் கேட்டபோது உன் நாக்கு எங்கே போயிருந்தது? அவன் வியாபாரி, பிணத்துக்கும் விலை கேட்பான். நீ அதைத் தபால் தலை ஒட்டி அப்பா இருக்கிற வீட்டுக்கு அனுப்பினாய். கடிதத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

முகம் உன் திறமை, நீ விற்றுவிட்டாய், அதில் எனக்குப் பேச்சில்லை. பல் என் வேலை, என் அச்சிலிருந்து நீ வார்த்தது. அச்சை டாக்டருக்கு என்று சொல்லி வாங்கிக்கொண்டாய். நான் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. அத்தனை வாயிலும் இருக்கிற அத்தனை பல்லும் எனக்குத் திரும்பி வர வேண்டும்.

அக்கா

ஜூலை 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? அப்பா நலமா? நான் கொஞ்சம் காய்ச்சலில் கிடந்தேன், இப்போது பரவாயில்லை.

பார்சல் அனுப்பியிருக்கிறேன். கூடம் திறப்பதற்கு முன்னால் போய்க் குறட்டால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். காவலாளிதான் கதவைத் திறந்துவிட்டார். எதற்கு என்று கேட்கவில்லை. கடைசித் தலைக்கு வரும்போது குறட்டைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். ஒட்டியது நான்தான், ஆனாலும் சொந்த அப்பாவின் வாயில் குறடு போடுவது போல இருந்தது.

பல் இல்லாமல் எப்படி ஓட்டுவார்கள், நிறுத்தித்தானே ஆக வேண்டும் என்று நினைத்தேன். முதலாளி வந்தார். ஏச்சுக்குத் தயாராக நின்றேன். சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தார். "பிரமாதம்! பொக்கை வாய்தான் பொருத்தம். இது ஏன் நமக்கு முன்னாடியே தோணலை?" என்று என் முதுகில் தட்டினார். கூட்டம் இன்னும் கூடியிருக்கிறது. அடுத்த மாதம் வேறு ஊருக்கு எடுத்துப் போகிறார்கள்.

அவர் தட்டிய இடம் இன்னும் எரிகிறது. சீ என்று வந்துவிட்டது அக்கா, அவரைப் பார்த்து இல்லை. அவர் என்னைத் தன்னைப் போலவே நினைத்துத்தான் தட்டினார். வேலையை விட்டுவிட்டேன். பழைய பொம்மைக்கடைக்காரர் வரச் சொல்லியிருக்கிறார்.

அந்தக் கண்ணாடிக்காரர் எல்லாவற்றையும் ஆற்றில் எறிந்தார் என்று எழுதினேனே. அவருடையது அவர் கையில் இருந்தது. என்னுடையது என் கையில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அப்பா சாப்பிடும் நேரத்துக்கு வரலாமா?

உன் வாலு

ஆகஸ்ட் 6

அன்புள்ள வாலுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். இங்கே இருவரும் நலம், வீக்கம் வடிந்துவிட்டது. நீ வெறும் வயிற்றோடு ரயில் ஏறினாய், வழியில் ஏதாவது சாப்பிட்டாயா?

பார்சல் நீ போன மறுநாள்தான் வந்தது. பிரித்துத் தட்டில் கொட்டினேன். கொட்டாமலே இருந்திருக்கலாம், அவ்வளவு பற்கள் ஒரே இடத்தில் பல்லிளித்ததைப் பார்த்து இந்தத் தொழிலில் இருக்கிற நானே துண்டை எடுத்து மூடப் போனேன். அப்பா ஒன்றை எடுத்து விரலால் தடவிப் பார்த்தார். "என் பல்லுதான்" என்றார். பிறகு சுத்தியல் கேட்டார். இடது கையால் அவரே உடைத்தார். குறி தப்பித் தப்பி அடித்ததில் தரையில் இரண்டு ஓடு விரிசல்.

அந்தச் சக்கரம் ஊர் ஊராகப் போகும். போகட்டும். நம்மால் ஆனது அவ்வளவுதான். நினைக்கும்போதெல்லாம் எனக்குக் குமட்டும், அதுவும் இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நீ தெருமுனை வரை தலை நிமிராமல் நடந்ததால் ஒன்றும் பேசவில்லை. கொல்லைப்புறக் குழாயடியில் நீ வாந்தி எடுத்த சத்தம் எங்கள் இருவருக்கும் கேட்டது. மூன்று வாய்கூட ஊட்டவில்லை, எழுந்து ஓடிவிட்டாய். அப்பா வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தார். நான் ஸ்பூனை எடுக்கப் போனேன். "இரு" என்று என் கையைத் தட்டிவிட்டார். குழாய் ஓடுகிற சத்தம், நீ கொப்பளிக்கிற சத்தம், பிறகு ஒன்றுமே இல்லை. வாசல் வழியாகப் போயே போய்விட்டாய் என்றுதான் நான் நினைத்தேன். நீ முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து உட்கார்ந்து ஸ்பூனை எடுத்தாய். கிண்ணம் முடிய ஒரு மணி நேரம் ஆனது. உன் சட்டை பாழ்.

நீ போன பிறகு அப்பா படுக்கையில் சாய்ந்துகொண்டு வெகுநேரம் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டார் என்று விளக்கை அணைக்கப் போனேன். "அவன் ஊட்டினதுல எனக்குத்தான் வாந்தி வந்திருக்கணும்" என்றார். "ஸ்பூனைக் கொண்டுபோய் அண்ணத்துல இடிக்கிறான். முழுங்குறதுக்குள்ள அடுத்ததைத் திணிக்கிறான். மண்ணு வாரிக் கொட்டுறவன் மாதிரி."

"சொல்லிடவாப்பா?"

"சொல்லு. அடுத்த ஞாயித்துக்கிழமை சரியாப் பண்ணணும்ல."

ஆகவே சொல்கிறேன். வலது பக்கம் கொடுக்காதே, அங்கே தங்கிவிடும், இடது கன்னத்துக்குள் கொடு. தொண்டை அசைந்து அடங்கிய பிறகு அடுத்த வாய். பழைய சட்டையாகப் போட்டுக்கொண்டு வா.

அன்புடன்,
அக்கா